கருங்காணிப்பட்டியின் வினைமுற்று

முதலாவதாக, கண்மாய்க்கு வரும் ஓடையை மறித்தார்கள். மில்லுக்கு அஸ்திவாரம் தோண்டிய வருஷம் அது. இரண்டாவதாக, ஓடை செத்த கண்மாயை எதற்கும் உதவாத புறம்போக்கு என்று எழுதி வாங்கி, அதன் நடுவயிற்றில் பஞ்சுக் கிட்டங்கி கட்டினார்கள். மூன்றாவதாக, பாசனம் போன வீடுகளின் பெண்களுக்கு வேலை கொடுத்ததை உபகாரம் என்று கல்லில் வெட்டி மில் வாசலில் நட்டார்கள். நான்காவதாக, எங்கள் சங்கப் பலகையை மாட்டிய அன்றைக்கே பிடுங்கி கேண்டீன் அடுப்பில் வைத்தார்கள். ஐந்தாவதாக, கக்கூஸுக்குப் போக வரிசைக்கு ஒரே ஒரு பித்தளை டோக்கன் என்று வைத்து, அது திரும்பி வரும்வரை மற்றவர்களை அடக்கிக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். ஆறாவதாக, நூற்பு அறையின் வடக்குக் கதவு வேலை நேரத்தில் பூட்டப்பட்டது. ஏழாவதாகத் தீப்பிடித்தது.

இந்த வரிசையை யாரும் மாற்றிச் சொல்ல நான் விட மாட்டேன். ஏழாவதை முதலாவதாகச் சொல்லித்தான் அதை விபத்து என்று ஆக்குகிறார்கள். ஆறாவதை மட்டும் ஏன் 'பட்டது' என்று எழுதினேன் என்று கேட்பவர்களுக்கு: நாற்பது வருஷமாகத் துண்டறிக்கை எழுதுகிற கை இது, தெரியாமல் எழுதவில்லை. அந்தக் கதவைப் பூட்டியது யார் என்பதுதான் இங்கே சொல்லப்போகிற கதை.

தீயில் போன பெண்கள் ஏழு பேர். இன்னொரு வாசலைத் தீ மறிக்க, வடக்குக் கதவுக்கு உட்புறம் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள். அவர்களில் ஒருத்தி முப்பிடாதி, அவர்கள் வேலைபார்த்த இயந்திர வரிசைக்கு மேஸ்திரி. கதவில் தொங்கியது உட்பக்கப் பூட்டு. அதன் சாவி மில் ஆபீஸ் ஆணியில் பத்திரமாக இருந்தது. மேஸ்திரி முப்பிடாதி தன்னிச்சையாகச் சாவியை எடுத்துப் பூட்டிவிட்டு, திரும்ப ஆணியில் மாட்டியிருக்கிறாள் என்று மறுநாளே மில் வாசலில் மேனேஜர் அறிவிப்பு ஒட்டினார். யார் பூட்டியது என்று கண்ணால் பார்த்தவர்கள் அந்த ஏழு பேர்தான். செத்தவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது என்பது மேனேஜருக்குத் தெரியும்.

முப்பிடாதியின் மகள் ஆவுடைச்செல்வி டவுன் காலேஜில் கம்ப்யூட்டர் படித்தாள், மூன்றாம் வருஷம். எதிர்வீட்டு மாரிக்கனியின் மகள் பூரணமும் அதே தீயில்தான் போனாள். அதுவரை இரண்டு வீட்டுக்கும் ஒரே உப்பு ஜாடி. தீக்குப் பிறகு மாரிக்கனி தன் வாசலில் ஓலைத் தட்டி கட்டி மறைத்துக்கொண்டாள். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள்:

"ஏட்டி, அந்தக் கதவுல ஒட்டியிருந்தது எம்பிள்ள நகம். பூட்டுனது உங்காத்தா. நீ என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு எனக்கு முன்னால கொடத்த வைக்க?"

"எங்கம்மா பூட்டல அத்தை" என்றாள் ஆவுடைச்செல்வி.

"நீ பாத்தியா?"

அவள் பார்க்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். ஊர்ப் பொட்டலில் நினைவுக் கல் வைத்தபோது ஆறு பெயர்களை வெட்டி, ஏழாவதற்கு உரிய இடத்தை வழவழவென்று விட்டுவிட்டார்கள். மகள் கேட்டதெல்லாம் அந்த இடத்தில் ஒரு பெயர். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் இந்த நாட்டில் கொடுப்பார் இல்லை.

விசாரணை அதிகாரி வந்தது மாசி மாதத்துப் பகல் ஒன்றில். சமுதாயக் கூடத்துச் சிமெண்டு மேடையில் மைக் வைத்து, ஊரைக் கூட்டி, எல்லாவற்றையும் கேட்டு முடித்து, தன் முடிவைச் சொல்ல எழுந்தார். நல்ல மனிதர் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், பயந்த நல்ல மனிதர். அவர் தொடங்கியபோது மைக்கில் உயிர் இல்லை. முதல் சொற்களை யாரும் கேட்கவில்லை. மைக் கரகரத்து உயிர் பெற்றபோது அவர் "வடக்குக் கதவை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்நேரம் அவர் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். முகம் வெளுத்தது. "களவைத் தடுக்கக் கருதி" என்றார். போன் நிற்கவில்லை. "உற்பத்தி நலனை முன்னிட்டு" என்றார். மறுபடி அடித்தது. "முந்தைய நடைமுறையைப் பின்பற்றி" என்று சொல்லிக்கொண்டே மேடையிலிருந்து ஒரு படி இறங்கி, "உரியவர்களுடன் கலந்தாலோசித்து" என்று வாசலுக்கு வந்து, "சூழ்நிலையைக் கருத்தில்கொண்டு" என்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, போய்விட்டார். வாக்கியத்தின் வினைமுற்றைச் சொல்லவே இல்லை.

முற்று வராததால் அவர் சொன்ன சொற்கள், ஜீப்பில் சொன்னது உட்பட, கரையாமல் மேடையிலேயே நின்றன.

ஒன்றின் மேல் ஒன்றாக, பஞ்சுப் பொதி அளவுக்கு, சாம்பல் நிறத்தில், தொட்டால் லேசான சூட்டோடு அவை அடுக்கி நின்றன. உச்சியில் 'கருத்தில்கொண்டு' விட்டத்தை முட்டியது. கனம் தாங்காமல் மேடைச் சிமெண்டு உடைந்து அடிச்சொற்கள் தரைக்குள் இறங்கியிருந்தன. மேடை பின்சுவரை ஒட்டி இருந்ததால் ஒவ்வொரு சொல்லின் வாலும் சுவருக்குள் நுழைந்திருந்தது. லாரி ஜாக்கி வைத்துப் பார்த்தோம், ஜாக்கி வளைந்தது. நடுவிலிருந்து ஒரு சொல்லை உருவிவிடலாம் என்று இளவட்டங்கள் கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறு அறுந்தது. மேலே இருப்பதும் வரவில்லை. மாவட்ட ஆபீசில் சொன்னோம். அதிகாரி மொழிந்த வாக்கியமே அறிக்கை, அது முற்றுப் பெற்றதும் சாட்சிகள் முன்னிலையில் வாசித்துப் பதிவு செய்து அனுப்புக என்று பதில் வந்தது. அவர்களுக்கு ஆச்சரியமாகவே இல்லை. அவர்கள் ஆபீசிலும் இப்படி நிறைய நிற்கும் போலிருக்கிறது.

ஊர் பழகிக்கொண்டது. பங்குனியில் அந்தக் கூடத்தில் கல்யாணம் நடந்தது, பெண்வீட்டார் 'முன்னிட்டு'க்கும் 'பின்பற்றி'க்கும் இடையிலிருந்த சந்தில் மாவிலை செருகி, அதன் முன்னாலேயே மணவறை போட்டு, புகைப்படக்காரரிடம் 'கலந்தாலோசித்து' படத்தில் விழாமல் எடுக்கச் சொல்லி, விழுந்ததற்காகச் சண்டை பிடித்தார்கள். கட்சிக்காரர்கள் அதில் போஸ்டர் ஒட்டினார்கள், ஆடுகள் போஸ்டரைத் தின்றன, மழைக்காலத்தில் பெண்கள் அதன் சூட்டில் ஈரத்துணி காயப்போட்டார்கள். அந்த அடுக்கு வந்த பிறகு கூடத்துக்கும் ஒரு குணம் வந்துவிட்டது. அதற்குள் யார் பேசினாலும் வாக்கியத்தை முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் சொன்னது தரையில் விழுந்து கிடக்கும். ஒரு பெண் "நான் கடைக்குப் போய்" என்று தொடங்கியவள் போனை எடுத்துப் பேச ஆரம்பிக்க, 'போய்' அவள் பெருவிரலில் விழுந்து நகம் கறுத்தது. "முடிச்சிட்டுப் பேசு மதினி" என்று கைக்குழந்தைக்காரிகள்கூட ஒருவரை ஒருவர் எச்சரித்துக்கொண்டார்கள். வாக்குறுதி கொடுக்கிற ஆட்கள் கூடத்துக்கு வருவதையே விட்டார்கள். எங்களுக்கு அது ஒரு நன்மை.

அடுக்கின் கீழ்ப்பகுதியில் தரை மட்டத்தில் ஒரு சொல் பாதி புதைந்தும் பாதி தெரிந்தும் இருந்தது. ஊர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தது: முப்பிடாதி.

மேனேஜர் அன்றைக்கே காரில் வந்து இறங்கினார். "பாத்துக்கோங்க. அதிகாரி வாயில முதல்ல வந்த பேரே அதுதான். நாங்க சொன்னா நம்ப மாட்டீங்க" என்றார். பிறகு அடுக்கின் முன் நின்று தொண்டையைச் செருமி, "பூட்டப்பட்டது" என்றார். அவருக்கு அதுதான் வசதி, யாரும் செய்யாமல் ஒரு காரியம் நடந்துவிடும். ஆனால் கதவு அங்கே 'கதவை' என்று நின்றது. கதவைப் பூட்டப்பட்டது என்று எந்தத் தமிழ் வாயும் சொல்லாது, அடுக்கும் ஏற்கவில்லை, சுவர்ச் சுண்ணாம்பை அவர் சட்டையில் உதிர்த்தது.

நாங்கள் விடவில்லை. சங்கத்தார் எல்லாரும் கொடியோடு போய் நின்று, "பூட்டினார்" என்று ஒரே குரலில் முழங்கினோம். முதலாளியைத்தான் சொன்னோம். கருங்காணிப்பட்டியில் அவரை முதலாளி என்றுதான் சொல்வார்கள். பெயரைச் சொல்லுகிற வழக்கம் ஊரில் எக்காலத்திலும் இல்லை. மில் வாசலில்கூட இங்கிலீஷ் முதலெழுத்துகள்தான். அதே பெயர் வைத்த டெய்லர் ஒருவர் இருந்தார், அவரை ஊர் "அந்தப் பேர்க்காரர்" என்றே கூப்பிட்டது. அப்படிப்பட்ட ஊரில் நாங்கள் பகிரங்கமாக 'ஆர்' போட்டு முழங்கியதே பெரிய காரியம். அடுக்கு அசையவில்லை. தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அந்தப் பருவத்தில் ஆவுடைச்செல்விக்குக் கம்பைலர் பாடம். மனிதர் எழுதிக் கொடுக்கிற வரியை இயந்திரம் எப்படிப் பிரித்து, எது எதோடு சேரும் என்று கண்டுபிடித்து, வேலையாக மாற்றுகிறது என்பதைச் சொல்லுகிற பாடம் அது. வகுப்பில் பாதிப்பேர் அதில் தோற்றார்கள், அவளும் உள்தேர்வில் தோற்றாள். சாயங்காலம் அடுக்கின் அருகில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பாள். துணி எடுக்க வந்த மாரிக்கனி, பேசக்கூடாது என்ற வைராக்கியத்தில் இருந்தவள், ஒருநாள் காது கொடுத்துவிட்டாள்.

"டோக்கனை வாங்கி ஷிப்ட் பண்ணு, ஷிப்ட் பண்ணு, முழுசா வந்ததும் ரெடியூஸ் பண்ணு" என்று படித்துக்கொண்டிருந்தாள் மகள்.

மாரிக்கனி துணியைக் கீழே போட்டாள். "என்னட்டி, காலேஜ்லயும் மில்லு பாடந்தானா? டோக்கன் வாங்குனோம், ஷிப்ட் பாத்தோம், கடைசில ஆளக் கொறச்சான். இதுக்கா பீஸ் கட்டுத?"

அங்கிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஆவுடைச்செல்விக்கும் சிரிப்பு வந்தது, அம்மா போனபிறகு முதல்முறை. சிரித்த வாய் அப்படியே நின்றது. அவள் அடுக்கை நிமிர்ந்து பார்த்தாள். புத்தகத்தில் இருந்தது இதுதான். ஒவ்வொரு சொல்லாக வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே போக வேண்டும். முடிக்கிற சொல் வரும்வரை எதையும் எடுக்க முடியாது. வந்துவிட்டால் மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று கடைசியில் அடியில் கிடக்கிற முதல் சொல்லோடு பொருந்தி நிற்கும். நம் மொழியில் யார் செய்தது என்பது முதலில் வரும், செய்தது கடைசியில் வரும், செய்ததன் வாலில் ஆனோ ஆளோ ஆரோ அதுவோ ஒட்டிக்கொண்டு முதலில் வந்தவரைக் காட்டிக்கொடுக்கும். அதிகாரி ஏன் முற்றைச் சொல்லாமல் ஓடினார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. முற்றைச் சொன்னால் அதன் வாலிலேயே ஆள் அகப்படும்.

அவள் காலேஜ் லேபில் உட்கார்ந்து, தமிழ் வாக்கியத்தைப் பிரிக்கிற ஒரு சின்ன நிரல் எழுதினாள். அடுக்கில் கண்ணுக்குத் தெரிந்த சொற்களை அடியிலிருந்து உச்சிவரை கொடுத்து, கடைசியில் ஒவ்வொரு முற்றாகப் போட்டுப் பார்த்தாள். 'பூட்டப்பட்டது' என்று போட்டாள், பிழை என்றது. 'பூட்டினார்' என்று போட்டாள், பொருந்தவில்லை என்றது. வெகுநேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, 'பூட்டினாள்' என்று போட்டாள். சரி என்று வந்தது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வயிறெரிந்து கிடந்த மாரிக்கனிக்கு அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்க நிரல் எதுவும் தேவைப்படவில்லை. மறுநாள் காலை கூடத்துக்குப் போய், ஊர் பார்க்க, அடுக்கின்மேல் இரண்டு கையையும் ஊன்றி, "முப்பிடாதி பூட்டினாள்" என்றாள். ஆவுடைச்செல்வி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுக்கு விழப்போகிறது என்று அவளும் எதிர்பார்த்தாள்.

அசையவில்லை.

மாரிக்கனி இன்னொரு தரம் சொன்னாள், இன்னொரு தரம் சொன்னாள், பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "இவ இல்லன்னா பின்ன யாரத்தான்" என்று தொடங்கி, சுதாரித்து, "யாரத்தான் நான் வையணும்" என்று முடித்தாள்.

நிரல் சரி என்கிறது, அடுக்கு இல்லை என்கிறது. ஆவுடைச்செல்வி தன் வகுப்பு ஆசிரியையிடம் போய்க் கேட்டாள், ஊர் விவகாரம் எதையும் சொல்லாமல். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டே சொன்னார்: "இலக்கணம் சரியா இருந்தா டோக்கனைப் பாரும்மா. ஒரு சொல் எங்க முடியுதுன்னு பாக்காமலே எடுத்திருப்ப. எல்லாரும் பண்றதுதான்."

அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கூடத்துக்கு வந்தாள். மதியம், இரண்டாவது ஷிப்டுக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு நின்றார்கள், மாரிக்கனியும் இருந்தாள், நானும் இருந்தேன். அவள் புத்தகப் பையைக் கீழே வைத்தாள். தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு மேடைக்குப் பக்கவாட்டில் மல்லாக்கப் படுத்து, அடுக்குக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த விரிசலுக்குள் தோள்வரை கையை விட்டாள். அம்மாவின் பெயர் நின்ற சொல்லைத் தடவிக்கொண்டே போனாள். அந்தச் சொல் 'தி'யோடு முடியவில்லை. சுவருக்குள் இன்னும் போனது. கண்ணை மூடிக்கொண்டு எழுத்தெழுத்தாகத் தடவினாள். நாங்கள் அவள் முகத்தைப் பார்த்தோம். முகம் முதலில் மலர்ந்தது, பிறகு மலர்ந்தபடியே ஏதோ ஒன்று அதிலிருந்து கழன்று போனது.

கையை எடுத்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னட்டி?" என்றாள் மாரிக்கனி.

அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். பெயருக்குப் பின்னால் 'ஐ' இருக்கிறது, ஆகவே என் அம்மா எழுவாய் இல்லை என்று பாதியைச் சொல்லி, மீதியைச் சுவருக்குள்ளேயே விட்டிருக்கலாம். எத்தனையோ தலைவர்கள் பாதியைச் சொல்லி மாலை வாங்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அப்படிச் செய்யவில்லை.

"முப்பிடாதியைக்கொண்டுன்னு போட்டிருக்கு" என்றாள். "அப்படித்தான் இருக்கு அத்தை. எங்கம்மா கைதான் பூட்டிருக்கு. நான் இல்லன்னு சொன்னது தப்பு."



"ஆனா பூட்டுனது அவ இல்ல. அவளக் கொண்டு பூட்ட வச்சிருக்காங்க. அவளுக்கும் அடியில இன்னொரு சொல்லு இருக்கு. முழுசாப் புதைஞ்சுபோச்சு, அதனால நமக்குத் தெரியல. அதுதான் முதச் சொல்லு."

மாரிக்கனி மெல்ல எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, அடுக்கைப் பார்த்து, பல்லுக்கிடையில் சொன்னாள்: "பூட்ட வச்சான்."

அடுக்கு நடுங்கியது. முதன்முறையாக நடுங்கியது. விட்டத்திலிருந்து தூசி கொட்டியது. ஆனால் விழவில்லை.

"ஏன் நின்னுட்டு?"

"ஆன் போட்டீங்கல்லா" என்றாள் ஆவுடைச்செல்வி. "அந்த அதிகாரி அவருக்கு மரியாதை கொடுத்துத்தான் தொடங்கியிருப்பாரு. ஆபீஸ் தமிழ்ல."

"எம்பிள்ளயக் கொன்னவனுக்கு நான் ஆர் போடணுமா?"

"போட்டாத்தான் அவரப் பிடிக்க முடியும் அத்தை."

மாரிக்கனி என்னைப் பார்த்தாள். "என்ன தோழர், இது நாயமா?"

நியாயம் இல்லைதான். எங்கள் பெண்கள் உயிரோடு இருக்கும்வரை வாடி, போடி, நின்றாள், தொலைந்தாள் என்றுதான் அந்த ஆபீஸ் பேசியது. செத்தபிறகும் அறிவிப்பில் 'ள்'தான் போட்டது. முதலாளிக்கோ குற்றத்திலும் 'ஆர்' தப்பவில்லை. "நாயம் இல்லம்மா. இந்த ஒரு தடவை போட்டுத் தொலைப்போம்" என்றேன்.

சாட்சிகளைக் கூப்பிட்டோம். கிராம நிர்வாக அதிகாரி வந்தார், சைக்கிளை வாசலிலேயே சாய்த்துவிட்டு. இரண்டாவது ஷிப்டுப் பெண்கள் மில் சங்கு ஊதியும் போகவில்லை, தூக்குவாளியோடு சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். சங்குக்குப் பிறகும் ஆள் வராததால் கூப்பிட்டுப் போக வந்த மேனேஜர் வாசலில் மாட்டிக்கொண்டார். பெண்கள் அவருக்குப் பின்னால் கதவடியில் நின்றுவிட்டார்கள். அவரும் சாட்சி ஆனார்.

"நான் அவசரமா ஆபீசுக்கு" என்றார் மேனேஜர். 'ஆபீசுக்கு' அவர் பூட்ஸின் மேல் விழுந்தது.

"நீங்களே சொல்லுங்க அத்தை" என்றாள் ஆவுடைச்செல்வி. காதோரம் அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தாள். பேச்சில் யாரும் சொல்லாத, ஆபீஸ்களில் மட்டும் உயிரோடு இருக்கிற அந்தச் சொல்லை மாரிக்கனி வாய்க்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டு, தலைமுடியை அள்ளி முடிந்து, நிமிர்ந்து நின்று சொன்னாள்:

"பூட்டுவித்தார்."

உச்சியில் இருந்த சொல் தளர்ந்து, பஞ்சு இறங்குவதுபோல் இறங்கி, ஆவுடைச்செல்வியின் முன்னால் வந்து நின்றது. "சூழ்நிலையைக் கருத்தில்கொண்டு" என்று அவள் வாசித்தாள். வாசித்ததும் அது கரைந்தது, கிராம அதிகாரி எழுதிக்கொண்டார். "உரியவர்களுடன் கலந்தாலோசித்து" என்று வாசித்தாள், கரைந்தது. "முந்தைய நடைமுறையைப் பின்பற்றி", கரைந்தது. கல்யாண மாவிலைச் சருகுகள் உதிர்ந்தன. "உற்பத்தி நலனை முன்னிட்டு", "களவைத் தடுக்கக் கருதி", ஒவ்வொன்றும் கரையக் கரையக் கூடத்தில் வெளிச்சம் கூடியது. பின்சுவர் தெரிந்தது, அந்தச் சுவரை நாங்கள் மறந்தே போயிருந்தோம். "வடக்குக் கதவை" என்று வாசித்தபோது பெண்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிறகு அம்மாவின் முறை. சுவருக்குள்ளிருந்து தன் முழு நீளத்தோடும் அந்தச் சொல் வெளியே வந்து நின்றது. ஆவுடைச்செல்வி அதன் வாலை விரலால் தொட்டுக்கொண்டு நின்றாள். மாரிக்கனி அவள் பக்கத்தில் போய் நின்று, தோளில் கை வைக்காமல், அந்தச் சிராய்த்த முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "வாசி தாயி. அவ கை மட்டுந்தான. வாசி."

"முப்பிடாதியைக்கொண்டு" என்று வாசித்தாள்.

உடைந்த சிமெண்டுக்கு அடியிலிருந்து கடைசிச் சொல், முதற்சொல், ஈர மண் ஒட்டியபடி மேலே எழுந்தது. யாரும் துடைக்கவில்லை, எழுத்துகள் தெளிவாகவே இருந்தன. மேனேஜர் வாசலைத் திரும்பிப் பார்த்தார், பெண்கள் நகரவில்லை. கிராம அதிகாரி பேனாவைப் பிடித்தபடி, "சாட்சிகள் எல்லாரும் கேட்கும்படி சத்தமா வாசிக்கணும்மா" என்றார், அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது. எங்கள் ஊரில் எந்த வாயும் சொல்லாத அந்தப் பெயரை, அவள் எழுத்துப் பிசகாமல் வாசித்தாள்:

"ரெங்கமன்னார்."